ஐம்பது மீட்டர் போதுமாம்

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கை கால் விறைப்பு. தானாக உட்கார வராது, பேச வராது. ஆனால் ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு திருப்புத் திருப்புவாள் முகத்தை, எதிரில் இருப்பவர் கூனிக்குறுகிப் போவார். அதனால் வீட்டில் அவளுக்கு ராங்கி என்று பேர். கண்ணை மேலே தூக்கினால் சரி. முகத்தைத் திருப்பினால் போயிட்டு வா. சந்தோஷம் தலைக்கேறினால் மட்டும் "ஹீய்" என்று ஒரு கூவல்.

அக்கா புருஷன் வெல்டர். கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்பவர். இரண்டு மாதம் மெனக்கெட்டு ராங்கிக்காக ஒரு மூன்று சக்கர சைக்கிள் செய்தார். முன்னால் இரண்டு சக்கரம், நடுவே யாரோ கழித்துப்போட்ட ஆபீஸ் நாற்காலி, தலை சாயாமலிருக்க இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த தகடு, நெஞ்சுக்கும் பாதத்துக்கும் வார். பின்னால் உட்கார்ந்து மிதிப்பது அக்கா. அவள் வீடு வீடாகத் தபால் கொடுக்கிறவள்; பதினைந்து வருஷமாக சைக்கிள் மிதித்த கால். மாமா ஒரு சைக்கிள், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நான் ஒரு சைக்கிள். ஞாயிறு காலை ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

வழியெல்லாம் நல்லவர்கள்தான். "ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, சும்மா ஊர் சுத்த" என்றால் முகம் வாடிப்போகும். நாங்கள் ஏதோ ஏமாற்றிவிட்டதுபோல.

அப்படித்தான் சைக்கிள் கழகச் செயலாளர் கண்ணில் பட்டோம். தலைக்கவசம் முதல் காலணி வரை அவருக்கு எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. தொப்பை மட்டும் சொந்தத் தயாரிப்பு. வீட்டுக்கே வந்தார். 'எல்லோருக்கும் சக்கரம்' என்று ஒரு பேரணி, ஏரியைச் சுற்றிப் பன்னிரண்டு கிலோமீட்டர், குடும்பத்தோடு வரவேண்டும் என்றார். பிறகு ராங்கியிடம் குனிந்து, காது கேட்காதவளிடம் பேசுவதுபோல, "பா... ப்பா... சைக்... கிள்... புடிக்குமா?" என்று கத்தினார்.

ராங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெக்கப்படுறா" என்று சிரித்தார் அந்த அறிவாளி.

பேரணியன்று முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். மேடை, மைக், பலூன் கட்டிய வளைவு. செயலாளர் எங்களை ஓரமாக அழைத்தார்.

"இங்கேருந்து அந்த வளைவு வரைக்கும் ஒரு ஐம்பது மீட்டர் ஓட்டிட்டு வாங்கம்மா. எல்லாரும் கை தட்டுவாங்க. கழகத் தலைவர் பூங்கொத்து குடுப்பார். போட்டோ எடுத்துட்டு நம்ம வேன்ல உக்காந்துக்கலாம்."

"பன்னண்டு கிலோமீட்டர்னு சொன்னீங்களே?"

"அது மத்தவங்களுக்கும்மா. பாதுகாப்பு முக்கியமில்லையா? குழந்தைக்கு ஐம்பது மீட்டர் போதும்."

"வாரா வாரம் இதே ஏரியைத்தாங்க சுத்துறோம்."

"அது வேற. இது நிகழ்ச்சி."

மாமா வாயைத் திறக்குமுன் அக்கா மகள் பக்கம் குனிந்தாள். "என்னடி, ஐம்பது மீட்டர் போதுமாம். என்ன சொல்றே?"

ராங்கி செயலாளரைத் தலைக்கவசத்திலிருந்து காலணி வரை ஒருமுறை பார்த்தாள். முகம் திரும்பியது.

"பத்தாதாம்" என்றாள் அக்கா.

அதற்குள் மைக் பிடித்திருந்தவர் ஓடிவந்தார். "இதோ ஒரு தாய்! இவர் சிந்திய கண்ணீரை இவர் வாயாலேயே கேட்போம்!" என்று மைக்கை நீட்டினார்.

அக்கா தொண்டையைச் செருமினாள். "கண்ணீரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. முன் சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு. யார்கிட்டயாவது பம்ப் இருந்தா குடுங்க."

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. யாரோ பம்பு கொடுத்தார்கள். அன்று அந்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான உதவி அது.

விசில் ஊதினார்கள். வளைவுக்குக் கீழே தலைவர் பூங்கொத்தோடு காத்திருந்தார். அக்கா நிற்கவில்லை. தலைவர் துள்ளி ஒதுங்கினார். "ஹீய்" என்றாள் ராங்கி.

வேன் பின்னாலேயே வந்தது. "அம்மா, நிறுத்துங்க, வேன்ல ஏறிக்குங்க" என்று செயலாளர் ஒலிபெருக்கியில் கெஞ்சிக்கொண்டே வந்தார். பேரணி நடத்தியவர் ஒரு மிதிகூட மிதிக்கவில்லை என்பதை ஊரே பார்த்தது. பாலத்து ஏற்றத்தில் பாதிப்பேர் இறங்கித் தள்ளினார்கள். அக்காவும் இறங்கினாள், மாமா தன் சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். பளபளவென்று உடுத்திய ஓர் இளைஞர் மாமாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, "சார், நீங்கல்லாம் எங்களுக்கு ஒரு பாடம்" என்றார்.

"பாடம் அப்புறம் படிக்கலாம் தம்பி. இப்ப வழி விடுங்க."

நாங்கள் முடித்தபோது எங்களுக்குப் பின்னால் நாற்பது பேராவது இருந்தார்கள். எங்களை யாரும் கவனிக்கவில்லை. மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ குறுக்குவழியில் வேனில் முன்பே வந்துவிட்ட செயலாளர் ஒரு சக்கர நாற்காலிக்குப் பின்னால் கண் கலங்க நின்றார். முதலுதவிக் கூடாரத்து நாற்காலி அது. அதில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தது கழகப் பொருளாளரின் மகள். பத்து வயது, கால் கையெல்லாம் திடமான பெண். காலையில் கூடாரத்துக் கயிறுகளைத் தாண்டித் தாண்டி ஓடியவள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று. செயலாளருக்கு அதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. 'சிறுமியின் கனவை நனவாக்கிய கழகம்.' மாமா பத்திரிகைக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் திருத்தம் வந்தது. செயலாளர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததாம்.

"நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்க்கா" என்றேன்.

"அந்த ஆளுக்குக் கடிதாசி கொண்டுபோய்க் குடுக்கத்தான் எனக்குச் சம்பளம். புத்தியும் சேர்த்துக் குடுக்கணும்னா கட்டுப்படியாகாது."

அடுத்த ஞாயிறு ஏரிக்கரை முனையில் பொருளாளரின் மகள் தன் சைக்கிளோடு தனியாக நின்றாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் ஆன்ட்டி. அப்பாதான் உக்காரச் சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்றே? அவகிட்ட சொல்லு."

பெண் ராங்கியின் முன்னால் வந்து நின்றாள். கத்தவில்லை, கொஞ்சவில்லை; சாதாரணக் குரலில், "நான் அப்படி உக்காந்தது தப்பு" என்றாள்.

ராங்கி அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. கண்ணைத் தூக்கவும் இல்லை.

"யோசிக்கிறா" என்றாள் அக்கா. "அதுவரைக்கும் வேணும்னா கூட வா. அப்பாகிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டேன். பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டாங்க."

கொஞ்ச தூரம் கூடவே வந்தாள். பாலத்து இறக்கத்தில் சட்டென்று எங்களை முந்திக்கொண்டு பறந்தாள். ராங்கிக்கு வந்ததே கோபம்! தலையைத் தகட்டில் மோதினாள், வாருக்குள் திமிறினாள், முன்னால் போகிறவளின் முதுகையே முறைத்தாள்.

"மிதிக்கச் சொல்றா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்தாள் அக்கா. மாமா சிரித்த சிரிப்பில் சாலையோரக் குழியை அவர் பார்க்கவில்லை. நான்தான் கத்தி அவரைக் காப்பாற்றினேன்.