முதுகு காட்டாத கவுன்

"திரும்பாதே!"

அக்கா போட்ட சத்தத்தில், மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்த தம்பி மனைவி அந்தரத்தில் ஒரு காலோடு அப்படியே நின்றாள். அவளுக்கு முன்னால், கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்த தம்பிக்காரன், இல்லாத படி ஒன்றை மிதிக்கப் போய், கைப்பிடியைக் கட்டிப்பிடித்துப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டான்.

"ஏன்க்கா கத்துற? லேசா திரும்பினா கவுன் சுழலும். அதுதானே அழகு?"

"ஒண்ணும் சுழல வேண்டாம். நேரா வரட்டும்."

"நேரா வர்றதுக்கு இது என்ன பாஸ்போர்ட் போட்டோவா?"

"டேய், பின்னாடி கிளிப் மாட்டியிருக்கேன்டா. சொன்னா கேளு."

அவன் கேமராவை மறுபடி கண்ணில் வைத்தான். ஆறு வருஷமாகத் துணிக்கடை விளம்பரப் புத்தகங்களுக்குப் போட்டோ எடுத்தே பிழைப்பவன் அவன். முன்னால் அச்சில் வார்த்தாற்போல் நிற்கும் எந்த உடையும், பின்னால் முள்ளம்பன்றி மாதிரி கிளிப் குத்திக்கொண்டுதான் நிற்கும் என்று அவனுக்குத் தெரியாதா? இந்தக் கவுன் ஒரு நெட்டை மாடலுக்கு அளவெடுத்துத் தைத்தது. காலையில் அந்தப் பெண் காய்ச்சல் என்று போனை வைத்துவிட்டாள். அவளைவிட அரை சாண் குட்டையான தன் மனைவியை அவன் இழுத்து வந்திருந்தான். கிளிப் இல்லாமல் எப்படி?

மணி பதினொன்று. ஐந்துக்குள் படம் போயாக வேண்டும்.

ஊரின் பெரிய துணிக்கடை ஒன்று உடை தைக்கும் மூன்று புதுமுகங்களிடம் ஆளுக்கு ஒரு ஃபேஷன் படம் கேட்டிருந்தது. மூன்றே நிமிஷம். தேர்வு செய்யும் அம்மாளை நிமிர்ந்து உட்கார வைக்கிற படம் யாருடையதோ, அவர் தைத்த உடை தெருவைப் பார்த்த கண்ணாடிக் கூண்டில் மூன்று மாதம் நிற்கும். நின்றால் அக்கா தையல்காரி. நிற்காவிட்டால் திங்கட்கிழமை பழைய இன்ஷூரன்ஸ் ஆபீஸில், பழைய நாற்காலியில், பழைய மேனேஜரின் இளிப்புக்கு எதிரே. கணவரிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். அனுப்புவதற்கு இருந்ததோ இந்த ஒரு கவுன். அவளே சாயம் தோய்த்த நீலத்துணி. மிச்சம் ஒரு கைக்குட்டைக்குக்கூட இல்லை.

தம்பிக்காரன் எடிட்டர் நண்பனுக்குப் போன் போட்டான். படம் வெட்டுவதில் இரக்கமே இல்லாததால் அவனுக்குக் 'கத்திரி' என்று பெயர்.

"மச்சான், முதல் தடவையா ஃபேஷன் படம் எடுக்கறேன். ஏதாவது சொல்லு."

"துணியைக் காட்டாதே."

"டேய், துணிக்கடைக்குடா!"

"அதான் சொல்றேன். துணியைக் காட்டினா அது கேட்லாக். போட்டிருக்கிறவ எங்க போறா, என்னத்த மறைக்கறா, அதைக் காட்டு. துணி தானா தெரியும். அப்புறம், பாட்டைப் போட்டுக் கொல்லாதே. துணி உரசுற சத்தத்தைத் தனியா எடு."

"அதெல்லாம் சரி. ஆனா இவ திரும்பவே கூடாதாம்."

கத்திரியின் குரல் நிமிர்ந்தது.

"யாருக்கு முன்னாடியும் திரும்பக் கூடாதா?"

"யாருக்கு முன்னாடியும்."

"முட்டாளே, அதுதான்டா உன் கதை!"

அடுத்த மூன்று மணி நேரம் அக்காவின் தையல் அறை இருந்த அந்தக் கட்டடம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கதைக்காகக் கையில் ஒரு கவரோடு தம்பி மனைவி ஒவ்வோர் அறையாகப் போனாள். நுழையும்போது சாதாரணமாக நுழைந்தாள். வெளியேறும்போது முகத்தைத் திருப்பாமல், பின்காலால் கதவைத் தேடி வெளியேறினாள். லிஃப்ட்டுக்குள் பின்பக்கமாகவே போய் நின்றாள். கீழ்த்தளத்துப் பல் டாக்டரின் வரவேற்பறையில், வீங்கிய கன்னங்களுக்கு நடுவே சுவரோடு சுவராக நகர்ந்தாள். துணி உரசும் சத்தம் எடுக்க அவன் அவளுடைய முழங்காலருகே போனை நீட்டியபோது, அவள் சிரித்தே மூன்று தடவை கெடுத்தாள்.

"கல்யாணமாகி அஞ்சு வருஷத்துல இவர் என் மூஞ்சியை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்ல அண்ணி."

"பார்த்துக்கட்டும். ஆனா நீ மட்டும் திரும்பிடாதே தாயே."

மாடி வளைவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் ஒரு காட்சி வைக்கலாம் என்று போனால், அக்கா ஏற்கெனவே அதன்மேல் செய்தித்தாள் ஒட்டியிருந்தாள். 'கிளிப்புக்கு இவ்வளவு வெட்கமா!' என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

எடுத்ததை எல்லாம் கத்திரி வெட்டி ஒட்டினான். வெட்டும்போது போனில் ஒன்று கேட்டான்.

"இவளுக்குப் பின்னாடி நிக்கிற வாட்ச்மேன் வாயைப் பொளந்து பாக்கறார் பாரு, யாருடா இந்த நடிகர்? அந்தப் பல்வலி அம்மா வலியை மறந்து சிரிக்குது!"

"கிளிப்பைப் பார்த்திருப்பாங்க."

"கிளிப்புக்கா இந்த நடிப்பு? பலே!"

ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் படம் போனது. ஐந்தரைக்குத் தேர்வு அம்மாளின் போன். தம்பிக்காரன் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மத்த ரெண்டு பேரும் பொண்ணுங்களைப் பம்பரமா சுத்த விட்டிருக்காங்கம்மா. எனக்குத் தலை சுத்தினதுதான் மிச்சம். உங்க படத்தை நாலு தடவை பார்த்துட்டேன். அப்படி என்னதான் இருக்கு அந்தப் பொண்ணு முதுகுல?"

அக்கா வாயைத் திறந்தாள்.

"வேண்டாம், சொல்லாதீங்க. கூண்டு உங்களுக்குத்தான். ஆனா ஒரு நிபந்தனை. படத்தை வெளியில டி.வி.யில ஓட விடப்போறோம். பொம்மைக்குக் கவுனை மாட்டி, முதுகைத் தெருப்பக்கம் திருப்பி வைக்கப்போறோம். ஊரே வந்து பார்க்கணும். காலையில வண்டி வரும், கொடுத்தனுப்பிடுங்க."

போன் அடங்கியது. தம்பிக்காரன் விசிலடித்தான். அக்காவோ வெட்டுமேஜையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்ட? கடை பொம்மை நெட்டையாத்தானே இருக்கும்? கிளிப்பைக் கழட்டிட்டுக் கொடுத்தனுப்பு."

"கிளிப்பே கிடையாதுடா."

"என்னது?"

அக்கா நிமிராமலே கை காட்டினாள். அவன் மனைவி சிரிப்பை உதட்டில் அடக்கிக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக மெதுவாக முழுசும் திரும்பினாள். பின்கழுத்தில் ஒரு காலர். அங்கிருந்து இடுப்புவரை பித்தான் வரிசை. இந்தப் பக்கம் ஒரு பாக்கெட், அந்தப் பக்கம் ஒரு பாக்கெட்.

அவன் சுற்றி ஓடி அவள் முன்னால் பார்த்தான். மறுபடி பின்னால் ஓடிப் பார்த்தான்.

"அவசரத்துல அளவுக் காகிதத்தை மாத்தி வைக்க மறந்துட்டேன்டா," என்றாள் அக்கா. "முன்பக்கத்தையே ரெண்டு தடவை வெட்டிட்டேன். அந்தக் கவுனுக்குப் பின்பக்கமே இல்ல."