பத்துப் பேரின் காய்ச்சல்

சுகாதார நிலையச் சுவரில் நான் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பாராட்டுகிறவர்களுக்குக் கைக்காசு போட்டுக் காபி வாங்கிக் கொடுப்பேன். அவ்வளவு பெருமை. சென்னிமலைக்குப் பக்கத்து நெசவாளர் ஊரான ஓடைப்பாளையத்தில் வருடத்துக்கு எத்தனை பேருக்கு மலேரியா என்று காட்டும் கோடு அது. 92இல் அறுபத்தொன்று. பிறகு நாற்பது, பதினேழு, நான்கு. 96இல் பூஜ்யம். இந்த வருடமும் பூஜ்யம் என்றால் ஊரை மலேரியா ஊர்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன்பின் மருந்தடிக்கவோ, வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்கவோ யாரும் போகமாட்டார்கள்.

மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்ப்பது என் வேலை. ஊருக்குப் போய் விரலில் குத்தி, ஸ்லைடில் தடவிக் கொண்டுவருவது திருமூர்த்தியின் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். வாரம் பத்து ஸ்லைடு என்றால் சரியாகப் பத்து வந்துவிடும்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, பத்து ஸ்லைடுகளைப் பியூனிடம் கொடுத்தனுப்பிவிட்டு அவர் லீவு போட்டுவிட்டார். முதல் ஸ்லைடில் மலேரியாக் கிருமி. இரண்டாவதிலும் இருந்தது. பத்திலும் இருந்தது! மாத்திரைகளை அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பட்டியலில் முதல் பெயர் பழனாத்தாள். மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“காச்சலா? எனக்குங்களா? நல்லாத்தான் இருக்கறனுங்க அம்மணி.”

“உங்க ரத்தத்துல இருக்குதுங்களே.”

“ஆருங்க குத்துனது? மாரியாத்தா நோம்பிக்குக் கோயில்ல கம்பம் நட்டாச்சுங்க. அதை எடுக்கற வரைக்கும் ஊருக்குள்ள ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாதுங்க. திருமூர்த்தி வந்தாரு, மோர் குடிச்சாரு, போயிட்டாரு.”

மற்ற ஒன்பது வீட்டிலும் இதே பதில்தான். ஒன்பது வீட்டிலும் மோர் கொடுத்தார்கள்.

நேராகத் திருமூர்த்தி வீட்டுக்குப் போனேன். இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். கையைக் காட்டச் சொன்னேன். இடது கை விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய கரும்புள்ளிகள்.

“எத்தனை வருசமா?”

“தொண்ணூத்தி மூணுல, கம்பத்தப்ப மட்டும்னுதானுங்க மேடம் ஆரம்பிச்சேன். அப்புறம் மத்த நாள்லயும் ‘நாளைக்கு வாங்க’ன்னாங்க. மரியாதையா சொல்றவங்ககிட்ட, கைய நீட்டுன்னு எப்படிங்க அதட்டறது? போன வருசம் பூராவும் என்னுதுதானுங்க.”

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஊரின் காய்ச்சல் இறங்குகிறது என்று நான் வரைந்து மாட்டியது இந்த ஒரே ஆளின் உடம்பை. எண்ணிக்கை சரியா என்று பார்த்தேனே தவிர, நானும் ஒருநாள்கூட அந்த ஊரை எட்டிப் பார்க்கவில்லை.

மாத்திரையைக் கொடுத்து விழுங்க வைத்தேன்.

“இந்தக் காச்சல் உங்களுக்கு எங்க புடிச்சுது?”

“ஓடப்பாளயத்துலதானுங்க. வேற எங்கயும் நான் போகலீங்களே.”

இவர் காய்ச்சலில் விழாமல் இருந்திருந்தால் இந்த வருடமும் பூஜ்யம்தான்.

கம்பம் எடுத்த மறுநாள் ஊசியோடு போனேன். “நாளைக்கு வாங்க” என்ற வாசல்களில் எல்லாம் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளில் எண்பத்து நான்கு பேர். ஒன்பது பேருக்கு மலேரியா இருந்தது. அதில் ஒருத்தி பழனாத்தாளின் மகள் வர்ஷினி. தறிக்குப் பக்கத்தில் ஒரு வாரமாகச் சுருண்டு கிடந்தவளை, அம்மை போட்டிருக்கிறது என்று நினைத்து வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

நடந்ததைத் திருமூர்த்தி தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான் 93 முதல் 96 வரையிலான கோட்டை ரப்பரால் அழித்து, அந்த இடத்தை வெறுமையாக விட்டு, 97இல் ஒன்பதைக் குறித்தேன்.

மேலதிகாரி வந்து பார்த்தார்.

“என்னங்கம்மா, பட்டியல்ல இருந்து எடுத்துரலாம்னு சொன்னீங்க. இப்ப ஏறிப்போச்சே?”

“ஏறலீங்க சார். இப்பத்தான் அந்த ஊர் ரத்தத்தைப் பார்த்திருக்கோமுங்க.”