மூன்று ஏக்கர் செவக்காடு

இந்தியாவில் எத்தனை வகை மண் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வண்டல், கரிசல், செம்மண், சரளை மண், பாலை மண், மலை மண். முப்பத்தோரு வருஷமாக அருப்புக்கோட்டையில் பத்தாம் வகுப்புக்கு இதைத்தான் நடத்துகிறேன். எந்த மண் எந்த மாநிலத்தில் கிடக்கிறது, எதில் எது விளையும் என்று எத்தனை பிள்ளைகளை வரைபடத்தில் வண்ணம் தீட்ட வைத்திருப்பேனோ, கணக்கில்லை. அந்தப் பெருமையெல்லாம் போன சித்திரையோடு போயிற்று.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். சுற்றிலும் கரிசல், தெற்கே மட்டும் ஒரு துண்டு செவக்காடு, செம்மண் விளைநிலம். அதில் மூன்று ஏக்கரை அப்பா சாகும் முன்னால் என் பெயருக்கு எழுதி வைத்தார். பொம்பளைப் பிள்ளைக்கு நிலமா என்று ஊரே முணுமுணுத்தது. செம்மண் ஈரத்தைப் பிடித்து வைக்காது, சத்தும் குறைவு என்று புத்தகம் சொல்லும். ஆனால் சின்ன மழைக்கே அதில் கடலை முளைத்துவிடும். ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்க் கடலை போடுவது என்று முடிவு செய்திருந்தேன். வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று இருந்த ஒரே ஆசை அதுதான்.

தை மாதம் தம்பி மருதுபாண்டி வந்தான். காடு மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது, மேலாக ஓர் அடி மண்ணை வழித்துச் சமப்படுத்திவிட்டால் நீ வரும்போது உழத் தோதாக இருக்கும் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினான். பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சுழித்துக் காட்டுகிறவள் நான். அவன் தாளைப் படிக்கவில்லை. கூடப் பிறந்தவனை எதிரில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தால் அவன் முகம் வாடிவிடுமே என்று கையெழுத்துப் போட்டேன். காப்பியும் கொடுத்து அனுப்பினேன்.

சித்திரையில் பரீட்சை வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். காடு இல்லை. இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். வரப்பைக்கூட விட்டுவைக்காமல் வழித்திருந்தார்கள். அடியில் சுக்காம்பாறை வெள்ளையாக இளித்தது. தம்பிக்குப் போன் போட்டேன். பக்கத்தில்தான் இருந்திருப்பான் போல, மண் லோடு ஏற்றிய லாரியிலேயே வந்து இறங்கினான். கொஞ்சமாவது கூசுவான் என்று நினைத்தேன்.

"மண்ணை வித்துக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீதானக்கா," என்றான். "டீச்சருக்கு வாசிக்கத் தெரியாதா?"

எங்கள் பக்கம் வயிறெரிந்தவளுக்கு ஸ்டேஷன், கோர்ட்டு எல்லாம் அப்புறம்தான். முதலில் குனிந்து ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றுவாள். அப்படித் தூற்றுகிறவர்களைப் பார்த்து, இதென்ன காட்டுத்தனம் என்று முகம் சுளித்தவள் நான். அன்றைக்குக் குனிந்தேன். பாறை. தள்ளிப் போய்க் குனிந்தேன். அங்கேயும் பாறை. ஒருத்தனைச் சபிக்க மூன்று ஏக்கரில் ஒரு பிடி மண் இல்லை. விரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

"அங்க தேறாதுக்கா," என்றான் தம்பி. "லாரியில லோடு நிக்கிது. அதுல அள்ளிக்க."

கேலிக்குத்தான் சொன்னான். நான் போனேன். டயரில் கால் வைத்து ஏறி, தார்ப்பாயை விலக்கிக் கையை விட்டேன். கட்டி கட்டியாகக் கறுப்பு மண். என் மண் இல்லை. மல்லாங்கிணறு பக்கத்துக் கரிசல், செங்கல் காளவாசலுக்குப் போகிறது என்றான் டிரைவர். யாருடைய காடு என்று கேட்டேன்.

"யாரோ ஒரு பொம்பளை. புருஷன் இல்லாதவுக."

அவளுக்கும் சேர்த்து அள்ளி வந்து அவன் முன்னால் தூற்றினேன். தம்பி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். நேரமாகிறது, வண்டியை எடு என்று டிரைவரிடம் சொன்னான்.