பத்துக்குப் பத்து

அறக்கட்டளை மேலாளர் கொண்டுவந்த மலர்வளையம் வாசலுக்குள் நுழையவில்லை. வளையத்தைச் சொல்லிக் குற்றமில்லை. அறக்கட்டளையின் பெயரைத் தாங்க அவ்வளவு அகலம் வேண்டியிருந்தது. அண்ணன் அதைச் சாய்த்துப் பிடித்து உள்ளே வாங்கினார்.

தங்கையை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். அறக்கட்டளை நிதி நின்றபிறகு இளசுகளுக்கு அவள் நாடக வகுப்பு நடத்தியதும் இதே அறையில்தான். பகலில் துணிக்கடை, சாயங்காலம் வகுப்பு என்று இரண்டு வருஷம் ஓடினாள். நேற்று மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

“உங்க தங்கச்சி மாதிரி வராது சார்,” என்றார் மேலாளர். “வந்த பசங்க அத்தனை பேருக்கும் மனநலம் பத்துக்குப் பத்து. நாங்க ஆதரிச்சதுல முழு வெற்றி இது ஒண்ணுதான்.”

“அதனாலதானே நிறுத்தினீங்க.”

“குணமானவங்களுக்கு எதுக்கு சார் மருந்து?”



ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் பிள்ளைகள் ஒன்று முதல் பத்து வரை கட்டம் போட்ட ஒரு தாளில் அன்றைய மனசுக்கு மதிப்பெண் போடுவார்கள். முதல் மாதம் ஒன்பது போட்டவர்கள்கூட மூன்று, நான்கு என்று இறங்கியிருந்தார்கள். “இப்பதாண்ணா உண்மையைச் சொல்றாங்க. அப்படியே அனுப்பு,” என்றாள் தங்கை. அறக்கட்டளைக்கு அனுப்பும் அறிக்கையைத் தட்டச்சு செய்தவர் அண்ணன். முப்பது வருஷ ஆபீஸ் மூளை. மூன்றைப் பார்த்தால் எவன் பணம் கொடுப்பான் என்று, ஒன்று விடாமல் பத்தாக்கினார். ‘இலக்கு எட்டப்பட்டது, இனி நிதி தேவையில்லை’ என்று கடிதம் வந்தது. “என்னண்ணா இது, தலையும் புரியல வாலும் புரியல,” என்று அவள் கேட்டபோதும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார்.

மேலாளர் வளையத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில், தங்கை ‘வாயாடி’ என்று கூப்பிடும் பெண் எழுந்து வந்தாள்.

“சார், இன்னைக்குத் தாள் கிடையாதா?”

அலமாரியைத் திறந்து கொடுத்தார். எல்லோரும் வாங்கிக்கொண்டு தரையில் குனிந்தார்கள். ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை.

“ஒண்ணுக்குக் கீழ போட கட்டமில்ல சார்,” என்றாள் வாயாடி.

“ஓரத்துல எழுதும்மா. அப்படியே இருக்கட்டும்.”

கடைசியில் ஒரு தாள் மிஞ்சியது. அண்ணன் பென்சிலை எடுத்துக்கொண்டு தங்கையின் கால்மாட்டில், பிள்ளைகளைப்போலவே, தரையில் உட்கார்ந்தார்.