கடைசியாகக் காட்டிய எண்

கொலெட்டும் நானும் வடக்கே ஒரு தங்கச் சுரங்க முகாமில் சமையல் வேலை பார்த்தோம். விமானத்தில்தான் போக வேண்டும். போனால் இரண்டு வாரம் அங்கேயேதான். அவள் மகள் நோயெமிக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். பிள்ளையின் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் பிள்ளையின் போனுக்குச் சர்க்கரை அளவைச் சொல்லும். அங்கிருந்து இணையம் வழியாகக் கொலெட்டின் போனுக்கும் வந்துவிடும். மாவுக் கையோடு நாளெல்லாம் அதை எட்டி எட்டிப் பார்ப்பாள்.

அந்தச் சனிக்கிழமை நோயெமிக்கு வெளியூரில் ஐஸ் ஹாக்கி ஆட்டம். அப்பா மார்சல் காரில் கூட்டிப் போயிருந்தான். நாங்கள் மதியத்துக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தோம்.

"பெர்னிஸ், இங்க பாரேன்" என்று கொலெட் போனை நீட்டினாள்.

நான்கு புள்ளி ஒன்று. நான்குக்குக் கீழே போகக் கூடாது. பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு. மேலே 'இணைப்பு இல்லை' என்ற சிவப்பு எழுத்து.

"இறங்கிட்டே இருந்துச்சு. அப்படியே நின்னுபோச்சு. இப்ப எவ்வளவு இருக்கோ."

"அவ போன்ல அலாரம் அடிக்குமே?"

"போன் பைக்குள்ள, பை உடை மாத்துற ரூமுக்குள்ள. அவ ஐஸ் மேல ஓடிட்டிருப்பா."

மார்சலைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. விளையாட்டு அரங்கைக் கூப்பிட்டாள். பொதுமக்கள் சறுக்கும் நேரத்தை ஒரு இயந்திரம் ஒப்பித்தது. கடைசியில் சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசியில் அளவு காட்டும் ஆப் கம்பெனியின் உதவி எண்ணைப் பிடித்தாள். ஒரு இளம்பெண் பேசினாள்.

"போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்."

பண்ணினாள். வைஃபையை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். சிவப்பு எழுத்து அசையவில்லை.

"ஆப்பை அழிச்சிட்டு மறுபடி ஏத்திப் பாருங்க."

"அவசரப்படாதே" என்று நான் சொல்வதற்குள் அழித்துவிட்டாள். முகாமுக்கு இருந்தது ஒரே ஒரு செயற்கைக்கோள் இணைப்பு. இரவு வேலை முடிந்த ஆட்களெல்லாம் அறையில் படுத்துக்கொண்டு படம் பார்க்கிற நேரம். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இப்போது அந்த நான்கு புள்ளி ஒன்றும் இல்லை.

"உங்க பக்கம் கோளாறு இல்லைன்னு நினைக்கிறேன் மேடம். அந்தப் பக்கம் சிக்னல் இல்லாம இருக்கலாம். அதை எங்களால பாக்க முடியாது." கொஞ்சம் தயங்கி, "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள்.

கொலெட் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கொஞ்ச நேரம் லைன்லயே இரேன்ம்மா. ஒண்ணும் பேச வேண்டாம்."

"இருக்கேன்" என்றது அந்தக் குரல்.

ஆட்கள் தட்டோடு வரிசையில் வந்துவிட்டார்கள். கொலெட் ஒரு தோளில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு குழம்பு ஊற்றினாள். "என்ன கொலெட், காதலனா?" என்றான் ஒருவன். அவள் அவன் தட்டில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். குழம்பு வழிந்து அவன் கையில் பட்டது. நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

வரிசை முடியும் தறுவாயில் ஆப் ஏறியது. விட்டுப்போன கோடு தானாக வரைந்துகொண்டது. மூன்றுக்கு இறங்கி, இரண்டரைக்கும் கீழே போய், பிறகு செங்குத்தாக ஏறியிருந்தது. பிள்ளை எப்போது தளர்ந்தாள், எப்போது தேறினாள் என்பது எல்லாம் முடிந்தபிறகு ஒரு கோடாக வந்து நின்றது.

அவள் போனில் மார்சல் கூப்பிட்டான்; ஸ்பீக்கரில் போட்டாள். "ஜெயிச்சிட்டாங்க! உள்ள தகரக் கூரை, சிக்னலே இல்ல, இப்பத்தான் வெளிய வந்தோம். நடுவுல பாப்பாவுக்குக் கொஞ்சம் தள்ளாடிருச்சு. எதிர் டீம் பொண்ணோட அம்மா ஒருத்தங்க பாத்துட்டு ஜூஸ் குடுத்திருக்காங்க."

"நீ எங்க இருந்தே?"

"காபி வாங்கப் போயிருந்தேன்."

கொலெட் கண்ணை மூடிக்கொண்டாள். தோளில் இருந்த ரிசீவரில், "பிள்ளை நல்லாயிருக்கா மேடம்?" என்று உதவி எண் பெண் கேட்டது என் காதிலும் விழுந்தது. "இருக்கா" என்றாள் கொலெட். பிறகு மார்சலிடம், "அந்த அம்மா பேர் என்ன?" என்றாள்.

"கேக்கலையே. அவங்க கிளம்பிட்டாங்க."