கிணற்றில் கை வைத்தது யார்?

கிணற்றிலிருந்து இறைத்த முதல் குடத்துத் தண்ணீரைச் செல்லி அப்படியே வாசலில் கவிழ்த்தாள். அடுத்த குடத்தை முகர்ந்து பார்த்தாள். அதைக் கொண்டுவந்து, பல் துலக்கிக்கொண்டிருந்த புருஷன் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"நீயே குடிச்சுப் பாரு. துருவை நக்குனாப்ல இருக்குது."

கங்கப்பன் குடத்தைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த ஷௌகத் அலியைப் பார்த்தான்.

"பாய் அடிக்கடி மருந்தடிக்கிறாரே, அந்த டின்னை எங்க கழுவுறாரு?"

"எனக்கின்னா தெரியும்? அவங்க பின்னாடியே நான் போனனா?"

கங்கப்பனுக்குச் சாட்சியெல்லாம் தேவையில்லை. ஷௌகத் அலியின் ஆடுகள் அவனுடைய கேழ்வரகில் வாய் வைத்ததும், அதற்காகப் பாகலூர் சந்தையில் இருவரும் ஊர் பார்க்கக் கத்திக்கொண்டதும் இன்னும் ஆறவில்லை. ஒருவனைப் பிடிக்காமல் போய்விட்டால் போதும், அவன் தும்மினாலும் அதில் சதி தெரியும்.

வேறு நேரமாக இருந்தால் இது வேலிச் சண்டையோடு போயிருக்கும். ஆனால் இப்போது தலைப்பிரசவத்துக்கு மகள் ருக்மணி வந்திருந்தாள். ஏழு மாதம். வந்த நாளிலிருந்து வாயெல்லாம் புண், குடித்த தண்ணீர் வயிற்றில் தங்குவதில்லை. மாடும் தீனி எடுக்காமல் எச்சில் வடித்துக்கொண்டு நின்றது. ஓசூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ருக்மணியின் நாக்கைப் பார்த்தவுடன் கேட்ட கேள்வி, "எந்தத் தண்ணிம்மா குடிக்கிற?" என்பதுதான். "மொதல்ல அதை மாத்து. வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது."

அதைக் கேட்டதிலிருந்து கங்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. என் பேரப்பிள்ளைக்கே இந்த பாய் விஷம் வைக்கிறானா என்று கறுவினான். ஓசூரில் முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. கோடையில்தான் பர்மனென்ட் ஆகியிருந்தான். அந்த வேலைக்குக்கூட லீவு சொல்லிவிட்டு, விடியும் முன்னே கிணற்றோரத் துவரைச் செடிகளுக்கு நடுவே போய்க் காவலுக்குக் குந்திக்கொண்டான்.

பொழுது கிளம்பியதும் ஷௌகத் அலி வந்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார். கங்கப்பனின் கிணற்றில் வாளியை விட்டார். பாய்ந்து போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான் கங்கப்பன்.

"மாட்டுனியா? இன்னா கலந்தே, சொல்லு!"

"கைய எடு கங்கப்பா. கலக்க வரல, பாக்க வந்தேன். போர்த் தண்ணி பாய்ச்சுற என் பீன்ஸெல்லாம் எலை கருகுது. நீதான் கம்பெனியிலேருந்து எதையோ கொண்டாந்து ஊத்துறியோன்னு எனக்கு ஒரு டவுட்டு."

"எங்கூட்டுக் கெணத்துல நானே ஊத்திப்பனா?"

"அதான் எனக்கும் புரியல."

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. அந்தக் கிணற்றில்தான் தெருவில் பாதிப் பேர் குடிக்க எடுத்தார்கள். "சத்தியம் பண்ணச் சொல்லு பாயை!" என்றாள் எதிர்வீட்டுச் சரசம்மா. அவளுக்கும் பாய் மேல்தான் சந்தேகம்.

"சத்தியம் என்னாத்துக்கு? உள்ள இறங்கியே பாத்துடலாம்" என்று ஷௌகத் அலி லுங்கியை மடித்துக் கட்டினார்.

படிக்கல்லைப் பிடித்து இருவரும் இறங்கினார்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒரு துளை கசிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கீழே வரைக்கும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு கறை. மூன்று வருஷம் மழை ஏமாற்றிக் கிணறு வற்றியபோது கங்கப்பன் போட்ட சைடு போர் அது. கிணற்றுக்குள் மிஷினை இறக்கி, சுவரில் படுக்கை வசமாகத் துளைத்துப் பக்கத்து ஊற்றை இழுக்கும் வேலை.

"இது எந்தப் பக்கம் போவுது?" என்று கேட்டார் ஷௌகத் அலி.

கங்கப்பன் கறையைத் தொட்டு முகர்ந்தான். எந்தப் பக்கம் என்று அவனுக்குத்தான் தெரியுமே. கொல்லைக் கோடியில் இருந்த பழைய பாழுங்கிணற்றைப் பார்த்துத்தான் துளைக்கச் சொல்லியிருந்தான். அங்கே ஒரு சொட்டு ஊற்றாவது மிச்சம் இருக்கும் என்ற ஆசை.

அந்தப் பாழுங்கிணற்றைத்தான் கோடையில் கம்பெனி முதலாளிக்குக் காட்டியிருந்தான். முலாம் தொட்டியின் கழிவுத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று முதலாளி முழித்தபோது, "நம்ம கொல்லையில ஒரு செத்த கெணறு இருக்குது சார்" என்று தானாகவே சொன்னான். டெம்போவில் டிரம்கள் வந்தன. கொட்டிவிட்டு மேலே முள்ளை வெட்டிப் போட்டான். அந்த மாதமே வேலை பர்மனென்ட். வறண்ட கிணறுதானே, மண் தின்றுவிடும் என்று மனதாரவே நம்பினான் பாவி.

இந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கங்கப்பன் சாமிக்குப் பொங்கல்கூட வைத்தான். மண்ணில் இறங்கிய மழைத் தண்ணீர் பாழுங்கிணற்றில் ஊறி ஏறியது. அடியில் கிடந்ததைக் கரைத்தது. அவனே போட்ட துளை வழியாக அவன் வீட்டுக் குடத்துக்கு வந்து சேர்ந்தது.

"இன்னா தெரியுது?" என்று மேலிருந்து கத்தினாள் சரசம்மா.

'பாய் போருலேருந்து வருது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேரும் நம்புவார்கள். வேலையும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். அந்த வார்த்தை அவன் நாக்கு நுனி வரை வந்தது.

அப்போது மேலே ஷரீஃபுன்னிசாவின் குரல் கேட்டது. ஷௌகத் அலியின் மனைவி. "ஆம்பளைங்க சண்டை கிடக்கட்டும். புள்ளத்தாச்சிப் பொண்ணு எவ்ளோ நேரம் நாக்கு வறண்டு நிப்பா? எங்க போர்த் தண்ணி இது, வாடை இல்ல. குடி கண்ணு."

கங்கப்பன் நிமிர்ந்து பார்த்தான். ருக்மணியின் கையில் சொம்பு. பாயின் போர் பாழுங்கிணற்றுக்கு அவன் கிணற்றைவிடக் கிட்டத்தில் இருந்தது. பீன்ஸ் கருகியது எதனால் என்று இப்போது புரிந்தது.

"குடிக்காத! ருக்கு, கீழ ஊத்து!"

கிணறே அதிர்ந்தது. ஷௌகத் அலியின் முகம் சுண்டிப்போயிற்று. "எங்கூட்டுத் தண்ணி உனக்கு அவ்ளோ கேவலமாப் போச்சா?"

"இல்ல பாய்" என்று படிக்கல்லிலேயே உட்கார்ந்து அழுதான் கங்கப்பன். "உங்க தண்ணியிலயும் நான் ஊத்துன விஷம் இருக்குது."

மேலே ஏறி வந்து எல்லாவற்றையும் சொன்னான். சரசம்மா தன் குடத்தைத் தூக்கி அவன் காலடியில் போட்டாள். "உனக்கு வேலை கெடைக்கறதுக்கு எங்க வாயிலயா ஊத்துன? நீ நல்லா இருப்பியா?" செல்லி அவனை ஏறிட்டும் பார்க்காமல், மகளை அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தது. கங்கப்பன் ஏறவில்லை. சப்-கலெக்டர் ஆபீசில் புகார் கொடுக்க ஓசூர் பஸ்ஸுக்குக் கிளம்பினான். கூட வருவதற்கு ஷௌகத் அலியும் செருப்பை மாட்டினார்.

"மொதலாளி பேரைச் சொன்னா வேலை போயிடும். அது தெரியுமில்ல?" என்றாள் செல்லி.

"போவட்டும்" என்றான் கங்கப்பன். "நம்ம புள்ளைக்கு என்னா ஆவும்னு டாக்டரம்மாவாலயே சொல்ல முடியல. கெணறு எப்பத் தெளியும்னும் யாருக்கும் தெரியல. வேலையா பெருசு?"

ஷௌகத் அலி அவன் தோளில் கை போட்டார். "வேலி, வரப்பெல்லாம் மண்ணுக்கு மேலதான் கங்கப்பா. அடியில உன் தண்ணி, என் தண்ணின்னு ஒண்ணுமே இல்ல. எங்கியோ கொட்டுறோம்னு நெனச்சு நம்ம குடத்துலதான் கொட்டிக்கிறோம். இதை அந்த ஆபீசருகிட்டயும் சொல்லு, உன் மொதலாளிகிட்டயும் சொல்லு."