தானா செத்துச்சா?

"இதெல்லாம் தானா செத்துச்சா, இல்ல கொன்னுட்டாங்களா?"

அக்கா ஒருநாள் இப்படிக் கேட்டாள். தங்கைக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவள், பட்டறை வாசலில் குவிந்து கிடந்த போன்களையும் மடிக்கணினிகளையும் பார்த்துவிட்டுக் கேட்டது. கேட்டாள் என்றால் வாயால் இல்லை. தொண்டையில் அறுவை செய்து குரல் போன பிறகு கையிலிருந்த டேப்லெட்தான் அவளுக்கு வாய். அவள் தட்டுவதை ஒரு பெண்குரல் படித்துச் சொல்லும். கோபமோ கிண்டலோ, எல்லாம் ரயில் அறிவிப்பு மாதிரி ஒரே தொனிதான். வீட்டில் அந்தக் குரலுக்கு 'மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பட்டறையே சிரித்தது. சின்னவளுக்கு மட்டும் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து கையில் எதை எடுத்தாலும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

பழைய சாமான்களைப் பிரிப்பது அவள் வேலை. திருகு இருந்தால் கழற்றலாம். இப்போது வருகிறவற்றில் திருகு ஏது? எல்லாம் பசை. பக்கத்து மேஜைக்காரர் சூட்டுத் தட்டில் வைத்துப் பசையை இளக்கிக் கொடுப்பார். பசை அண்ணன் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் மெல்லிய தகட்டை நுழைத்து மூடியை நெம்பி, பேட்டரியை உரித்தெடுப்பாள். மீதி அரவை இயந்திரத்துக்குப் போகும். பேட்டரி தளர்ந்தது ஒன்றுதான் குற்றம், அதை மாற்ற வழியில்லை என்பதற்காகவே வந்தவை உண்டு. ஒரு கீறல் கூட இல்லாமல், கம்பெனி மென்பொருள் கொடுப்பதை நிறுத்தியதால் வந்தவையும் உண்டு.

அப்படி ஒன்றைக் கண்டால் பசை அண்ணன், "இது கொலைக் கேசும்மா" என்பார்.

அந்தக் கொலை அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

அக்காவுக்குக் காய்கறிக் கடை. ஒருநாள் வியாபாரத்துக்கு நடுவில் டேப்லெட் திரையில் 'புதுப்பிக்கவும்' என்று வந்தது. காய்கறிக்காரிக்குப் புதுசு என்றால் நல்லதுதானே? நேற்றைய கீரையை யார் வாங்குவார்கள்? யோசிக்காமல் அழுத்திவிட்டாள். அந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்த கடைசிப் புதுப்பிப்பு அது. அதற்குப் பிறகு டேப்லெட் நத்தையாக ஊர்ந்தது. அப்புறம் பேசும் செயலி, தன் புது வடிவத்தை ஏற்றினால்தான் வேலை செய்வேன் என்றது. புது வடிவமோ இந்த டேப்லெட்டில் ஏறமாட்டேன் என்றது. கடைசியில் 'இந்தச் சாதனத்துக்கான ஆதரவு முடிந்தது' என்று ஒரே ஒரு வரி. மேடம் வாயை மூடிவிட்டாள்.

"இதுல ஒண்ணும் ரிப்பேர் இல்லீங்க. ஆனா இனி ஓடாது. புதுசு வாங்கிடுங்க" என்றான் ஷோரூம்காரன். விலையைக் கேட்டுவிட்டு இருவரும் வந்த வழியே திரும்பினார்கள்.

"அந்த விலைக்குக் காம்புதான் வரும், காய் வராது கண்ணு" என்று மேடம் வாயால் பேரம் பேசியவள், இப்போது விரலைக் காட்டிக் காட்டி ஓய்ந்து போனாள். அவசரத்தில் வருகிறவர்கள் விரல் பாஷைக்கு நிற்பார்களா? அடுத்த கடைக்கு நடந்தார்கள். சின்ன வயதில் வாயைத் திறக்காத தங்கையை 'ஊமைக்கோட்டான்' என்று சீண்டியவள் அவள். அறுவை முடிந்த வாரம், "அந்தப் பட்டத்தை நானே வாங்கிட்டேன்டி" என்று மேடம் வழியாகச் சொல்லிச் சிரித்தவள். இப்போது வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். செத்த டேப்லெட்டை மட்டும் பையிலேயே சுமந்தாள், எப்போதாவது கண் விழிக்காதா என்று.

சின்னவள் பசை அண்ணனிடம் கேட்டாள்.

"கம்பெனி கைகழுவின மாடலுக்கு யாராரோ உட்கார்ந்து சும்மாவே மென்பொருள் எழுதிப் போடுறாங்கம்மா. உங்கக்கா மாடலுக்கும் இருக்கு. ஆனா அந்தக் கடைசி அப்டேட் உள்ள பூட்டு போட்டுடுச்சு. அதை வாங்காத டேப்லெட் கிடைச்சா ஏத்திடலாம்."

"அதுக்கு எங்கண்ணே போறது?"

பதில் ஒரு லாரியில் வந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் அட்டைப்பெட்டிகள். வாங்கி அலமாரியில் வைத்து, பிரிக்க நேரம் வருவதற்குள் ஆதரவு முடிந்துபோன டேப்லெட்டுகள். அக்காவுடைய அதே மாடல். உறை கூடக் கிழியவில்லை.

சின்னவள் ஒன்றை எடுத்துத் தன் மேஜைக்கு அடியில் ஒதுக்கி வைத்தாள். தேநீர் இடைவேளையில் பசை அண்ணன் அதில் புது மென்பொருளை ஏற்றினார். பேசும் செயலியும் ஒரு முரண்டும் பண்ணாமல் ஏறியது. மதியம் அக்கா சாப்பாட்டோடு வாசலுக்கு வந்த நேரம் பார்த்து, மேற்பார்வையாளர் சின்னவளின் மேஜைக்கு அடியில் குனிந்து அதை எடுத்துவிட்டார்.

அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வைத்தது அக்காதான். காலையில் பேச ஆரம்பித்தால் ஷட்டரை இறக்கும்போதுதான் நிறுத்துவார்.

"என்னம்மா இது? முழுசா ஒண்ணு வெளிய போகக்கூடாதுன்னு எத்தனை தடவை கத்துறேன்? இவ்வளவு எடை வந்துச்சு, இவ்வளவு எடை அரைச்சாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். குறைஞ்சா என் தலைதான் உருளும். உன் பாட்டுக்கு... வாங்கம்மா, நீங்களே உங்க தங்கச்சியக் கேளுங்க! ஆமா, எங்க உங்க மேடம்? இந்நேரம் என்னை ரெண்டு திட்டு திட்டியிருக்கணுமே?"

அக்கா பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து நீட்டினாள். அவர் அந்த ஒரு வரியைப் படித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பட்டறையில் சின்னவளின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் இன்று பேச வேண்டியவளுக்குக் குரல் இல்லை. இவளும் பேசாவிட்டால் யார் பேசுவது?

"சார், இது சாகல" என்றாள். "இதைக் கொன்னிருக்காங்க. அக்கா கையில இருக்கிறதையும் அப்படித்தான். எடைதானே சார் சரியா இருக்கணும்? அதை அரைச்சுடுங்க. இதை விட்டுடுங்க. ரெண்டும் ஒரே மாடல்."

பசை அண்ணன் தராசைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். ரேடியோ பழையதை வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். முள் அதே இடத்தில் போய் நின்றது.

அவர் புதியதை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா மேஜை மேல் வைத்துத் தட்டினாள். அழித்துவிட்டு மறுபடி தட்டினாள்.

"என்ன ரேடியோ, இன்னைக்கு நிலையம் மூடியாச்சா?" என்றாள் மேடம், அதே ரயில் அறிவிப்புத் தொனியில்.

பட்டறை அதிர்ந்தது. பசை அண்ணன் சிரித்த சிரிப்பில் புரையேறி மேஜையைப் பிடித்துக்கொண்டார். சின்னவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "நல்லா கேளுங்கக்கா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் பழைய டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அரவை இயந்திரத்தின் பக்கம் நடந்தார். போகிற வழியில் பள்ளிக்கூடத்து அட்டைப்பெட்டிகள் வரிசையாக அரவைக்குக் காத்திருந்தன. நின்றார். திரும்பி அக்காவைப் பார்த்தார். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காலால் நகர்த்தி, அரவை வரிசையிலிருந்து சுவரோரம் ஒதுக்கினார். பிறகு எதுவுமே சொல்லாமல் போய்விட்டார்.